சுங்கை சிப்புட்டில் சீரியல் ஆடிஷன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் எடுக்கிறோம் என்று சொல்லி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து ஆடிஷன் நடத்திய குழுவைப் பற்றிய எச்சரிக்கை இது. டவுனிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பல குடும்பங்கள் பணம் கட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றன. அந்தக் குழுவின் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளை பீடோருக்கோ கூலிமுக்கோ போய் இதையே செய்யலாம். செய்யும் விதம் மாறாது என்பதால் அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு போஸ்டர் வந்தது. தெரிந்த நடிகர்களின் படம், தொலைக்காட்சி நிலையத்தின் சின்னம், கீழே ஒரு கைப்பேசி எண். ஆடிஷனுக்குப் பதிவுக் கட்டணம் 50 ரிங்கிட். கேமரா முன்னால் இரண்டு நிமிடம் வசனம் பேசச் சொன்னார்கள். மறுவாரம் வந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு: "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ஹீரோயினோட தங்கச்சி ரோல்." அதே தங்கச்சி வேடத்தை மூன்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து புகைப்பட ஆல்பத்துக்கு 850, நடிப்புப் பயிற்சிக்கு 1,200. இரண்டும் தனிநபர் வங்கிக் கணக்குக்குப் போயின. பிறகு ஒருநாள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஷூட்டிங். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் குரல் செய்திகள் மட்டும்: "அண்ணே, ஸ்டேஷன்ல கதைய மாத்திட்டாங்க." "அக்கா, ஹீரோ சைடுல பிரச்சனை, டைரக்டர தூக்கிட்டாங்க."

இந்தச் சாக்குகள் எடுபடுவதற்குக் காரணம், இவை தொடர் உலகில் உண்மையாகவே நடப்பவை. இயக்குநர் பாதியில் மாறுவார், கதை திருத்தப்படும், ஒருவருக்குப் பேசிய வேடம் இன்னொருவருக்குப் போகும். ஆனால் அந்த இழுபறி நடக்கும் இடமும், வேடத்தை முடிவு செய்யும் கையும் எவை என்று தெரிந்தால் பொய் வெளுத்துவிடும்.

ஆர்டிஎம் டிவி2, ஆஸ்ட்ரோ விண்மீன், வானவில் போன்ற தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு வரும் உள்ளூர்த் தொடர்களைப் பெரும்பாலும் தனியார் தயாரிப்பு நிறுவனங்களே எடுத்துக் கொடுக்கின்றன. கதையையும் செலவையும் பார்த்து ஒப்புதல் தருவது நிலையம். முக்கிய வேடங்களில் யார் என்பதிலும் நிலையத்தின் சொல் இருக்கும். அதற்குக் கீழே தயாரிப்பாளர், பிறகு இயக்குநர். ஆள் சேர்க்கும் கோ-ஆர்டினேட்டர் இவர்கள் எல்லாருக்கும் கீழே. பெயர்ப்பட்டியல் கொடுப்பார், ஆளை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். 'ஹீரோயின் தங்கச்சி' போன்ற வேடத்தை ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் கிடையாது. தன்னிடம் இல்லாத ஒன்றை அவர் விற்கிறார். நிலையத்தில் நடக்கும் சண்டை ஒரு துணை நடிகரின் வீட்டுக்குக் குரல் செய்தியாக வரவும் வராது, அந்தச் சண்டைக்கும் நீங்கள் கட்டிய பயிற்சிக் கட்டணத்துக்கும் தொடர்பும் கிடையாது. கதை மாறினால் பணம் ஏன் திரும்பி வரக்கூடாது என்று கேளுங்கள். பதில் இருக்காது.

நல்ல நிறுவனத்தில் உண்மையான வேடம் கிடைத்தவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உள்ளூர்த் தொடரைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை, இடத்தின்படி எடுப்பார்கள். ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள் முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை சேர்த்து ஒரே மூச்சில் முடியும். நாயகி எல்லா இடத்திலும் இருப்பார், பாதியில் அவரை மாற்றினால் எடுத்ததையெல்லாம் மறுபடி எடுக்க வேண்டும். அதனால் அவர் பக்கம் கை ஓங்கியிருக்கும். உங்கள் வேடம் ஒரே வீட்டில் இரண்டு நாள் வேலை என்றால், மேலே தகராறோ பணத் தட்டுப்பாடோ வந்தவுடன் முதலில் போவது அதுதான். வசனத்தில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரி வேடத்துக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பாத்திரத்தை 'ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள்: என் பாத்திரம் எத்தனை இடங்களில் வருகிறது, எத்தனை நாள்? பல இடங்களில் வரும் வேடம் எளிதில் உதிராது.

பதில் எழுத்தில் வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். தொடரின் பெயர், பாத்திரத்தின் பெயர், ஷூட்டிங் நாள்கள், கூலி நாளுக்கா பாகத்துக்கா, டப்பிங் அதில் அடக்கமா, சாப்பாடு, போக்குவரத்து, எத்தனை மணிக்கு மேல் கூடுதல் கூலி. இவற்றைவிட முக்கியமானது கூலி தரும் தேதி. 'ஒளிபரப்பான பிறகு' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நிலையத்திடமிருந்து தயாரிப்பாளருக்குப் பணம் தவணையாக வரும், ஒளிபரப்புத் தேதி தள்ளிப்போகும், அந்தத் தாமதம் முழுவதும் கடைசியில் நிற்கும் நடிகர் தலையில் விழும். 'ஷூட்டிங் முடிந்து 30 நாளுக்குள்' என்று கேட்டு வாங்குங்கள். வேடத்தை நீக்கினால் எடுத்த நாள்களுக்கு முழுக்கூலி, உறுதி செய்துவிட்டு ரத்தான நாள்களுக்குப் பாதி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தாடி, தலைமுடி மாற்றக்கூடாது, வேறு நாடகம் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று தடை போட்டால், அது எந்தத் தேதிவரை என்பதும் அதில் இருக்கட்டும்.

வவுச்சர், அதாவது கூலி வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் சீட்டு, தனி விஷயம். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நிறுவனத்துக்கு 300 என்று காட்டி, நடிகர் கையில் 120 கொடுத்த கோ-ஆர்டினேட்டர்கள் உண்டு. தொகையை எண்ணிலும் எழுத்திலும் பார்த்த பிறகே கையெழுத்து, உடனே அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'சம்பளம் போட' என்று ஏடிஎம் அட்டையோ கணக்கின் கடவுச்சொல்லோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் விசாரணை உங்கள் வீட்டுக்கு வரும், கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே இப்போது குற்றம். ஐசி (அடையாள அட்டை) நகல் கேட்டால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தத் தொடருக்காக, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

இந்தக் குழு பிள்ளைகளையும் விடவில்லை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளையை நள்ளிரவு வரை லயத்து வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். இதை எந்த வகையிலும் பொறுத்துக்கொள்ள முடியாது. 1966-ஆம் ஆண்டின் சிறார் மற்றும் இளம் வயதினர் வேலைச் சட்டப்படி பிள்ளைகளைப் பொது நிகழ்ச்சிகளிலும் நடிப்பிலும் ஈடுபடுத்தத் தொழிலாளர் துறையின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் நகலைக் காட்டாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆடிஷன் இரவில், ஹோட்டல் அறையில் என்றால் அது ஆடிஷன் அல்ல. வீட்டில் ஒருவர் கூட வரக்கூடாது என்று நல்ல நிறுவனம் சொல்லாது.

சிலருக்குச் சென்னைத் தொடரில் வாய்ப்பு என்று ஆசை காட்டி, 'சங்க அட்டை'க்கு என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போய் இந்தியாவில் கூலிக்கு நடிக்க அனுமதி இல்லை. சின்னத்திரைச் சங்கங்களில் உறுப்பினராவதும் இங்கே ஒரு மாடியறையில் பணம் கட்டி முடியும் காரியம் அல்ல.

ஆடிஷனுக்குப் போகும் முன் ஒரு மாலையில் செய்துவிடக்கூடிய சோதனைகள் உண்டு. நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்-இன் இணையச் சேவையில் தேடுங்கள். சிறு கட்டணத்துக்கு முகவரியும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) தரும் உரிமம் இல்லாமல் தயாரிப்புத் தொழில் செய்ய 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை, அதனால் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். ஷூட்டிங்குக்கு ஃபினாஸ் தரும் படப்பிடிப்புச் சான்றிதழும் உண்டு, எஸ்பிபி என்பார்கள். அதைக் காட்டச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பதிவு இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது, இதுவரை அந்த எண்மேல் புகார் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் முதலில் போலீஸ் புகார் கொடுங்கள். பணம் இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் உடனே வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம். ஆல்பம், பயிற்சி என்று வாங்கிய கட்டணத்தை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் கேட்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். நடித்த கூலி பாக்கி அங்கே செல்லாது. அதற்குத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களைத் தொழிலாளியாகக் கொள்ள முடியாது என்றால் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது.

எங்கே போனாலும் எதிர்த்தரப்பின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள், கையில் இருப்பது 'டைரக்டர் அண்ணன்' என்று சேமித்த ஓர் எண் மட்டும். பணம் போன கணக்கின் பெயரை வங்கிச் சீட்டிலிருந்து எழுதிவையுங்கள். புலன உரையாடலைப் படம் எடுக்கும்போது சேமித்த பெயரை நீக்கிவிட்டு எண் தெரியும்படி எடுங்கள். போஸ்டர், ரசீது, குரல் செய்தி எதையும் அழிக்காதீர்கள், கைப்பேசி மாற்றினாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் மன்றத்துக்கு மூன்று ஆண்டுக் காலவரை உண்டு. 'அடுத்த மாசம் தர்றேன்' என்று அவர்கள் இழுப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் கழியும், ஆகவே இந்த வாரமே மனுவை எழுதத் தொடங்குங்கள்.