நீல ஐரிஸ் என்று சொல்லி மஞ்சளைத் தலையில் கட்டிவிட்டார், குளம் வைத்திருப்பவர்கள் கவனம்

ஒன்ராறியோவில் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஐரிஸ் பூச்செடி வாங்குங்கள். ஆன்லைனில் செடி விற்கும் ஒருவரிடம் இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் மூன்று கிழங்கு வாங்கினேன், ஒன்று 15 டாலர். விளம்பரத்தில் இருந்தது ஐரிஸ் வெர்சிகலர், அதாவது இந்தப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் தானாக வளரும் நீல ஐரிஸ், 1999-ல் கியூபெக் தன் மாகாண மலராக எடுத்துக்கொண்டதும் இதைத்தான். படத்திலும் நீலப் பூ. கைக்கு வந்தது இலையைப் பாதியில் வெட்டி ஈரக் காகிதத்தில் சுற்றிய கிழங்குகள், பூவும் இல்லை மொட்டும் இல்லை.

கூடைத் தொட்டியில் களிமண் போட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, கிழங்குக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி குளத்தின் ஓரப்படியில் வைத்தேன். முதல் வருடம் பூக்கவில்லை. சரி, இடம் மாறிய செடிதானே என்று விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, "இது வசம்பு மாதிரியெல்லோ கிடக்கு" என்று ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார், வாசம் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் இலை என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. வெர்சிகலர் இடுப்பைத் தாண்டாது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜூனில் பூத்தது பார்த்தால் நல்ல மாம்பழ மஞ்சள், இதழில் பழுப்புக் கோடு. அழகில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது ஐரிஸ் சூடகோரஸ், அலங்காரத்துக்கென்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து இப்போது இங்குள்ள ஆற்றோரங்களில் நாட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளிக்கொண்டிருப்பது. விதை தண்ணீரில் மிதந்து போகும், கிழங்கில் ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலும் அங்கே முளைக்கும். சூடகோரஸ் என்ற பெயருக்கே போலி வசம்பு என்றுதான் பொருளாம், அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பூவைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். வந்த பதில்: "அண்ணை, மண்ணைப் பொறுத்து நிறம் மாறும், ஹைட்ரேஞ்சியா மாதிரி." ஹைட்ரேஞ்சியா மாறுவது மண்ணின் அமிலத்தாலும் அலுமினியத்தாலும், ஐரிஸ் அப்படியெல்லாம் நிறம் மாறாது என்று எழுதினேன். அதோடு என்னை பிளாக் பண்ணிவிட்டார். இதே ஆள்தான் ஜப்பானிய ஐரிஸ் ஒன்றையும், வருடம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே வைக்கலாம் என்று சொல்லி விற்றார். என்சாட்டா என்கிற அந்த ஜப்பானிய ஐரிஸ் வளரும் பருவத்தில் ஈரம் கேட்கும், குளிர்காலத்தில் தண்ணீரில் நின்றால் அழுகும். என்னுடையது ஏப்ரலில் கையில் கூழாக வந்தது.

பூ இல்லாமல் வாங்கத்தான் வேண்டும் என்றால் இலையின் அடியைப் பாருங்கள், வெர்சிகலருக்குப் பெரும்பாலும் அங்கே ஊதா படிந்திருக்கும். என்னுடையதில் வெறும் பச்சை. சந்தேகம் இருந்தால் கிழங்கின் ஓரத்தைச் சீவிப் பாருங்கள், மஞ்சள் ஐரிஸ் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நான் பிடுங்கும்போதுதான் அதைப் பார்த்தேன். பிடுங்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை, வேர் கூடையைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துச் சேற்றுப் பாத்திக்குள்ளும் போய்விட்டது, இரண்டு சனிக்கிழமை போனது. கையுறை போடாமல் தொட்டதில் சாறு பட்டு முழங்கை வரை அரிப்பு. கம்போஸ்டில் போடாதீர்கள், ஓடைப் பக்கம் கொட்டவே கொட்டாதீர்கள். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வாரக்கணக்கில் வேகவிட்டு அப்புறம் குப்பையில் போட்டேன்.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது, விலை 18 டாலர். அதே நீலப் பூப் படம், பூவுக்குப் பின்னால் கைப்பிடி உடைந்த ஒரு சிவப்பு வாளி தெரியும்.