91 விழுக்காடு ‘தயார்’: மழலையர் கற்றல் டேப்லெட், ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் உள்ள ஒரு கடையில், அப்போது மூன்று வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்த எங்கள் மகளுக்காக ஒரு கற்றல் டேப்லெட் வாங்கினோம். விலை 8,900 ரூபாய். பாடங்களுக்கான சந்தா முதல் மூன்று மாதத்துக்கு இலவசம், பிறகு மாதம் 399 ரூபாய். ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு முன்கூட்டியே நான்கு எழுத்து தெரிந்திருக்கட்டும் என்பது எங்கள் எண்ணம். நானும் என் கணவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை ஆறு மணிக்கு ஓர் அமைதி வேண்டும் என்பதும் அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் மூன்று நான்கு பெயர்கள் கடையில் அடுக்கியிருந்தன. நாங்கள் வாங்கியதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.

கருவியாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. எட்டு அங்குலத் திரை, தடித்த ரப்பர் உறை, ஒருமுறை மின்னேற்றினால் ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரி. ஊஞ்சலிலிருந்து ஒருமுறையும் மாடிப்படியிலிருந்து ஒருமுறையும் விழுந்தும் கீறல் இல்லை. பெற்றோர் பூட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. யூடியூபுக்குள் அவளால் நுழைய முடியவில்லை.

பாடங்களில் ஆங்கிலப் பகுதி நேர்த்தியாக இருக்கிறது, தமிழ்ப் பகுதி பின்னாளில் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. குரல் கொடுத்தவருக்கு ழகரம் வரவில்லை. ‘பழம்’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் ‘பலம்’ என்று ஒலிக்கிறது. பழங்கள் என்ற பாடத்தில் ஸ்ட்ராபெர்ரி, கிவி, பேரிக்காய் எல்லாம் உண்டு. பண்ருட்டி பக்கத்தில் இருக்க, சித்திரை பிறந்தால் வீடெல்லாம் பலாச்சுளை மணக்கும் ஊர்ப் பிள்ளைக்குப் பலாப்பழத்தின் படம் மட்டும் இல்லை. இவை திருத்தக்கூடிய குறைகள்தாம்.

நேரக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதலும் இரண்டு முதல் ஐந்து வயது வரை அதே ஒரு மணி நேரத்தைத்தான், அதுவும் பெரியவர் உடனிருக்க, உச்சவரம்பாக வைக்கிறது. இந்தக் கருவியோ அந்த வரம்பை எடுத்து ‘இன்றைய இலக்கு: 60 நிமிடம்’ என்று ஆக்கி வைத்திருக்கிறது. தாண்டக் கூடாத கோடு எட்ட வேண்டிய கோடாகிவிட்டது. போதாததற்கு, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பரிசாக மூன்று நிமிடக் கார்ட்டூன் ஒன்று ஓடும். அந்த நிமிடங்களைச் செயலி கணக்கில் சேர்ப்பதில்லை. கருவியின் அமைப்புகளுக்குள் போய்த் திரை எரிந்த நேரத்தைப் பார்த்தபோதுதான், அறுபது நிமிடம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது பெரும்பாலான நாட்களில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று தெரிந்தது.

ஞாயிறுதோறும் கைப்பேசிக்கு ஓர் அறிக்கை வரும். மார்ச் முதல் வாரத்து அறிக்கையில் ‘பள்ளித் தயார்நிலை: 91%’ என்று இருந்தது, அதை என் கணவர் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார். அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்குச் சேர்க்கைக்காகப் போனோம். குழந்தையைத் தேர்வு வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுப்பதால் அதை யாரும் நேர்காணல் என்று சொல்வதில்லை. “மிஸ் பாப்பாகிட்ட கொஞ்ச நேரம் பேசுவாங்க” என்றார்கள். மேசைமேல் ஒரு வாழைப்பழம், ஒரு சீப்பு, ஒரு பூட்டு, ஒரு கரண்டி. ஆசிரியை பூட்டைக் கையில் எடுத்து “இது என்னம்மா?” என்று கேட்டார். மகள் பூட்டை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். டேப்பில் தொட்டதும் கொட்டுவதுபோல் நட்சத்திரங்கள் கொட்டுவதற்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. படப்புத்தகத்தைக் கொடுத்தபோது பக்கத்தைப் புரட்டாமல் விரலால் தள்ளினாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. “பூட்டு எதுன்னு கேட்டா காட்டிடுவா, இது என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. வீட்ல டேப் பாக்குறாளா?” என்று அந்த ஆசிரியை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருகிற பிள்ளைகளிடமெல்லாம் கேட்டுப் பழகிய தொனி அது.

அன்றிரவு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாடங்களையும் நானே செய்து பார்த்தேன். ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் ‘எது?’ என்ற ஒரே வகை. எது சிவப்பு, எது யானை, எது ‘ஆ’. நான்கு படங்களில் ஒன்றைத் தொட்டால் போதும். தவறாகத் தொட்டாலும் நட்டமில்லை, இன்னொன்றைத் தொடலாம், நான்காவது முறை கட்டாயம் கைதட்டு விழும். ‘என்ன?’, ‘ஏன்?’, ‘யாரு?’ என்று கேட்கவும் அந்தக் கருவிக்கு வழியில்லை, குழந்தை திக்கித் திணறிச் சொல்லும் அரைகுறை வாக்கியத்தைப் பொறுத்திருந்து கேட்கவும் வழியில்லை. ஒரு விரல் நீண்டால் அதுவே பதில். வகுப்பறையிலோ, ஒன்றுக்கு வருகிறது என்று முன்பின் தெரியாத பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முப்பது பேரில் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கவும் வேண்டும். 91 விழுக்காட்டில் இவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்தேன். அப்படி ஒரு பகுதியே இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அல்ல. பட்ரீசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் கதை படித்து விளையாட்டுக் காட்டினார். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே ஆட்கள் பேசியதைக் காணொளியாகப் பார்த்த குழந்தைகளிடம் அந்தப் பழக்கம் உண்டாகவில்லை. இதற்கு மறுபக்கமாக 2014இல் வந்த ஓர் ஆய்வு, இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் வீடியோ அழைப்பில் ஒருவர் தங்களோடு நேரடியாகப் பேசும்போது புதுச் சொற்களைக் கற்றார்கள், முன்பே பதிவு செய்த காணொளியில் கற்கவில்லை என்று காட்டியது. சிங்கப்பூரிலிருந்து அவளுடைய பெரியப்பா அழைக்கும்போது அதே டேப்பில் மகள் வாய் ஓயாமல் பேசுவதற்குக் காரணம் அதுதான் போலும்: அவர் கேட்கிறார், காத்திருக்கிறார், புரியாவிட்டால் “என்னடா தங்கம், திருப்பிச் சொல்லு” என்கிறார்.

மார்ச் நடுவிலிருந்து டேப்பை ஒரு நாளைக்கு இருபது நிமிடமாக்கினோம், அதுவும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான். முதல் நான்கு நாள் வீடு வீடாக இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. சாப்பாட்டு நேரத்து அழுகை அக்கம்பக்கம் வரை கேட்டது. காலையில் தெருமுனைப் பால்வாடிக்கு அனுப்பினோம். முதல் வாரம் வாசலிலேயே நின்றவள், இரண்டாம் வாரம் மற்ற பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டையைத் தின்றாள். மாலையில் என் மாமியார் பல்லாங்குழியை எடுத்தார். “ஆயா, இப்ப என் ஆட்டம்” என்று அவள் கேட்க வேண்டும், கேட்டால்தான் புளியங்கொட்டை கைக்கு வரும் என்பது அவர் வைத்த விதி. வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் ஒரு வீட்டில் கேட்டு ஒரு தூக்கு நிறையக் களிமண் வாங்கி வந்தோம். விரலால் தள்ள மட்டும் பழகிய கை, பல்பம் பிடிக்கத் தேவையான அழுத்தத்தை அந்த மண்ணில்தான் பெற்றது என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு வந்த அறிக்கை, ‘உங்கள் குழந்தை பின்தங்குகிறது, பள்ளித் தயார்நிலை: 63%’ என்றது. அந்த வாரம்தான் அவள் பால்வாடி டீச்சரிடம் செருப்பு காணவில்லை என்று தானாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். ஒன்று ரப்பர் உறைக்கும் பெற்றோர் பூட்டுக்கும், மற்றொன்று வரைபலகைப் பகுதிக்கு. அதில் மட்டும் ‘சரி’, ‘தவறு’ என்ற சத்தம் இல்லை; அவள் கிறுக்கிவிட்டு இது சில்வர் பீச், இது அலை, இது அப்பா என்று தானே சொல்கிறாள். ஐந்து வயதைக் கடந்த, பேச்சில் தயக்கமில்லாத பிள்ளைக்கு, பெரியவர் ஒருவர் உடன் உட்கார நேரம் உள்ள வீட்டில், இது ஓரளவு பயன்படலாம். எல்.கே.ஜி.க்கு முந்தைய ஆண்டில் இதற்காக 8,900 ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: முதல் அமைப்பிலேயே பரிசுக் கார்ட்டூனை நிறுத்தலாம், ‘கூடுதல் விருப்பங்கள்’ என்பதற்குள் அது ஒளிந்திருக்கிறது. சந்தாவை நிறுத்தச் செயலியில் பொத்தான் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசிய மூவரும் மூன்று மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்தார்கள். கடைசியில் கைப்பேசியின் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நாங்களே ரத்து செய்தோம், அதற்குள் மே மாதத்து 399 ரூபாயும் போய்விட்டது.