மூன்று வருடம், ஒன்பது டிராக் நாள், அசையாத ஒரு வளையம்: என் காயிலோவர் அனுபவம்

என் காரில் இருப்பது காயிலோவர் கிட்: ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே ஸ்ட்ரட்டாக, உயரத்தை மாற்றும்படி வரும் சஸ்பென்ஷன். அதில் முன்பக்க இடது ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. சீல் மாற்றுவதற்காகப் போன மாதம் கழற்றினேன். வண்டியிலிருந்து ஸ்ட்ரட்டை இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை அதன் மரையிலிருந்து விடுவிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே ஊற்றி ஊறவைத்திருந்தேன். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றினேன், சி ஸ்பானரை மாட்டி ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ஸ்பானரின் கொக்கி வளையத்தின் காடியை மழுக்கிவிட்டு வழுக்கியது. கை போய் வைஸில் இடித்து முட்டியில் தோல் பெயர்ந்தது. அந்த நேரம் பார்த்து தெரிந்த தம்பி ஒருவனிடமிருந்து ஒரு செய்தி: "அண்ணா, அதே கிட்டை நானும் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க எத்தனை கிளிக்குல வெச்சிருக்கீங்க?"

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கையில் வழிந்த ரத்தம்தான் பேசியிருக்கும். இப்போது வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கிறது, மூன்று வாரம் ஓட்டியும் பார்த்தாயிற்று. அவன் கேட்டதற்கு நியாயமாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

வண்டி முன்சக்கர இழுவை ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சிறிய ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம். தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான், வருடத்துக்கு மூன்று முறை ரேஸ் டிராக்குக்குப் போவதும் இதில்தான். மூன்று வருடத்தில் 31,000 கி.மீ. முன் ஸ்பிரிங் 70 நியூட்டன்/மி.மீ., அதாவது ஒரு மி.மீ. அமுக்க 70 நியூட்டன் விசை வேண்டும். ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற ஒரே திருகுதான், அதில் 24 கிளிக், அதாவது 24 படி. முழு இறுக்கத்திலிருந்து எண்ணுவதால் எண் குறைந்தால் இறுக்கம் கூடும். அந்தத் திருகு பெரும்பாலும் ரீபவுண்டை, அதாவது ஷாக் விரியும்போது காட்டும் எதிர்ப்பை மாற்றும்; கம்ப்ரஷனை, அதாவது அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பைக் கொஞ்சம் தொடும். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் பின்னால் இருப்பதைக் காயிலோவர் என்று சொல்வதே பேச்சுக்குத்தான்.

வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: இறக்கினேன். ஒரிஜினல் உயரத்தைவிட 40 மி.மீ. கீழே. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதல் டிராக் நாளில் அதே வண்டி ஒவ்வொரு நீண்ட வளைவிலும் பழைய சஸ்பென்ஷனைவிட அதிகமாகச் சாய்ந்தது. ஸ்பிரிங் எவ்வளவோ கடினமாகியும் சாய்வு கூடியது ஏன் என்று புரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

காரணத்தை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கை, தரைக்கு ஏறக்குறைய இணையாகவோ, சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். என் வண்டியில் சக்கரப் பக்க முனை மேலே ஏறியிருந்தது. வண்டியை இறக்கும்போது எடை மையமும் இறங்குகிறது, உண்மைதான். ஆனால் ரோல் சென்டர், அதாவது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, அதைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். நான் ஆசை ஆசையாக அந்த நெம்புகோலை நீட்டி வைத்திருந்தேன். கூடவே, வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய கேம்பரும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணமும், கிடைக்காமல் போனது. முன் டயர்களின் வெளித்தோள் ஒரே நாளில் மழித்த மாதிரி ஆகியிருந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டிருந்ததால், சாலையில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் சொல்லாமலே திரும்பியது.

22 மி.மீ. ஏற்றினேன். இன்றைக்கு ஒரிஜினலைவிட 18 மி.மீ.தான் கீழே இருக்கிறது. அழகு போயிற்று, வண்டி சரியாயிற்று. அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன். டயர் தேய்ந்தாலும் காற்று குறைந்தாலும் அந்த அளவு மாறாது. உயரம் மாற்றிய பிறகு லோயர் ஆர்மின் ரப்பர் மூட்டான புஷ்ஷின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வேலை செய்து சீக்கிரம் கிழியும். இதை முதல் தடவை நான் செய்யவில்லை, ஒரு ஜோடி புஷ் அதற்கே போனது.

சரி, இனி இந்தக் கிட்டை நான் ஏன் நேசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருடம். நான் போகும் டிராக்கில் ஒரு வேகமான வலது வளைவு உண்டு. அதன் நடுவில் அடுத்தடுத்து மூன்று சிறு மேடுகள். முதல் மேட்டில் ஒன்றும் ஆகாது. இரண்டாவதில் முன்பக்கம் லேசாகத் துள்ளும். மூன்றாவதில் முன் சக்கரங்கள் வெளியே வழுக்கிக்கொண்டு போகும், நான் ஆக்சிலரேட்டரை விட வேண்டியிருக்கும். ஸ்பிரிங் துள்ளுகிறது, அடக்குவோம் என்று நினைத்து முன் ஷாக்கை முழு இறுக்கத்திலிருந்து 10-க்கும், பிறகு 6-க்கும், கடைசியில் 3-க்கும் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் மோசமானது. வண்டி மரக்கட்டை மாதிரி இருந்தது. ஸ்பிரிங் கடினம் போதவில்லை, அடுத்தது 90 வாங்க வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். ஷாக்கின் ராடில் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றைச் சுற்றி, அதை ஷாக் உடலின் வாய்வரை கீழே தள்ளி வைத்தேன். ஷாக் அமுங்கும்போது உடல் அந்த டையை மேலே தள்ளும், எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் டை நின்றுவிடும். நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சக்கரத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். டை, ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு, பாதி நசுங்கியிருந்தது.

அந்த நசுங்கிய டையைப் பார்த்ததும் மூன்று மேடுகளும் விளங்கிவிட்டன. முதல் மேட்டில் ஸ்பிரிங் அமுங்குகிறது. ரீபவுண்ட் அளவுக்கு மீறி இறுகியிருப்பதால் அது விரிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடுகிறது. ஏற்கனவே அமுங்கிய இடத்திலிருந்து இன்னும் அமுங்குகிறது. மூன்றாவதில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் 70 நியூட்டன் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் பல மடங்கு கடினமான ரப்பர் கட்டை வந்துவிட்டதாக அர்த்தம். டயர் பிடியை விடாமல் என்ன செய்யும்? ஷாக் முழுதாக இறுகிக் கிடந்ததை, ஸ்பிரிங்கின் பலவீனம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

3-லிருந்து 13-க்குத் தளர்த்தினேன். அடுத்த சுற்றில் அந்த வளைவுக்குள் போனபோது வண்டி மூச்சு விட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மேடு, இறக்கம், மேடு, இறக்கம், மேடு, இறக்கம், மூன்றும் ஸ்டீயரிங்கில் தனித்தனியாகக் கையில் தெரிந்தன. முன்பக்கம் நான் காட்டிய கோட்டிலேயே போனது. டை பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றது. பத்து கிளிக், பதினைந்து வினாடி வேலை, பைசா செலவில்லை. மூன்று வருடத்தில் இந்த வண்டியில் இதைவிட எனக்குச் சந்தோஷம் தந்த நாள் வேறில்லை.

பின்பக்கமும் அதே அளவு முக்கியம். டார்ஷன் பீமில் கேம்பரையும், டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்காமல் மாற்ற முடியாது. ஆகவே வண்டியின் வாலைத் திருப்ப எனக்கு இருப்பவை ஷாக்கும் காற்றழுத்தமும்தான். பின் ஷாக்கை 11-லிருந்து 7-க்குக் கொண்டுபோனால் வளைவுக்குள் நுழையும்போது வண்டி நன்றாகத் திரும்புகிறது. ஆனால் அதே 7-ல் ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் நழுவப் பார்க்கும். ஒருமுறை எனக்கு ஆகியிருக்கிறது. டிராக்கிலிருந்து கிளம்பும் முன் பின்பக்கத்தைத் தளர்த்தாமல் நான் இப்போது வாயிலைத் தாண்டுவதில்லை.

இவ்வளவும் பாராட்டு. இப்போது வளையம்.

ஷாக்கின் உடல் இரும்பு, வளையம் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் உரசிக்கொண்டு இருக்கும் இடத்தில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு வரும். பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். அந்த வளையம் இருப்பதோ சக்கர வளைவுக்குள், டயர் வாரி இறைக்கும் சேறு நேராக அடிக்கும் இடத்தில். மரைக்கு ஒரு உறைகூடக் கிட்டோடு வரவில்லை. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு இரண்டு முன் வளையங்களும் ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. கிளீனரும் கிரீஸும் போட்டு மாதாமாதம் பராமரிக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, அதை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் உயரத்தை மாற்றலாம் என்று சொல்லி விற்கும் பொருளில், உயரத்தை மாற்றும் பாகமே முதலில் செத்துப்போவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது வெறும் வசதிக் குறைவு என்றால் விட்டிருப்பேன். கார்னர் வெயிட், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் பாரம், பார்க்க நான்கு தராசுகளின் மேல் வண்டியை ஏற்றினேன். என் எடைக்கு மணல் மூட்டையை டிரைவர் சீட்டில் வைத்து, சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்க்குகளைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தோம். குறுக்கு எடை, அதாவது எதிரெதிர் மூலைகள் இரண்டும் சேர்ந்து தாங்கும் பங்கு, 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். என் வண்டியில் இடது முன், வலது பின் சேர்ந்து 52.1. வலது முன் சக்கரத்தில் பாரம் குறைவு. அழுத்தி பிரேக் பிடித்தால் அந்தச் சக்கரத்தில் ஏபிஎஸ் முந்திக்கொண்டு துடித்ததற்கு அதுதான் காரணம். திருத்தும் வழி எளிது. ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதற்கு எதிர்மூலையிலும் பாரம் ஏறும். வலது முன்னை இரண்டு சுற்று ஏற்ற வேண்டும், இடது முன்னை இரண்டு சுற்று இறக்க வேண்டும். இரண்டுமே அசையவில்லை. வேறு வழியில்லாமல் இடது பின்பக்கத்தை மட்டும் 8 மி.மீ. ஏற்றினோம், பாதிதான் சரியானது. ஒரு வருடம் முழுக்கப் பின்னாலிருந்து பார்த்தால் வண்டி தோள் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு முறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

போன மாதம் சீல் மாற்றியபோதுதான் இரண்டையும் விடுவிக்க முடிந்தது. வலது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. தராசில் மறுபடி ஏற்றினோம், 50.2. பின்பக்கம் மட்டமாக நிற்கிறது. உயரம் மாறினால் டோ மாறும், கேம்பரை மாற்ற ஸ்ட்ரட்டின் மேலே இருக்கும் கேம்பர் பிளேட்டைத் தொட்டாலும் டோ மாறும், ஆகவே அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று: முன் கேம்பர் மைனஸ் 2.2 டிகிரி, டோ பூஜ்யம். சாலைக்கு இது அதிகம்தான். ஆனால் டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் தவறான டோ. அதைச் சரியாக வைத்திருக்கும்வரை எனக்குத் தேய்மானம் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீல், ராட், வளையம் எல்லாம் இந்தக் கிட்டுக்குத் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஷாக்கைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டியதில்லை. சீல் மாற்றிய ஷாக் புதிதைப் போலவே நடந்துகொள்கிறது.

நேற்று அவனுக்குப் பதில் எழுதினேன். சாலையில் முன் 16, பின் 11. டிராக்கில் முன் 13, பின் 7. முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் திருகு ஒரு நிச்சயமான இடத்தில் நிற்கும். அங்கேயும் பலமாக முறுக்கக் கூடாது, உள்ளே எண்ணெய் போகும் வழியை அடைப்பது ஒரு மெல்லிய ஊசி. இந்த எண்கள் என் ஸ்பிரிங்குக்கும், என் டயருக்கும், அந்த மூன்று மேடுகளுக்கும் உரியவை என்றும் எழுதினேன். அப்புறம், வாங்காதே என்றும் எழுதினேன். வருடத்துக்கு ஒரு தடவை டிராக்குக்குப் போகிறவனுக்கு நல்ல நிலையான ஷாக், கொஞ்சம் கடினமான ஸ்பிரிங், நல்ல டயர், ஒழுங்கான அலைன்மென்ட் போதும். மாதாமாதம் சக்கரத்தைக் கழற்றி மரை துடைக்கும் ஆள் அவன் இல்லை, எனக்குத் தெரியும்.

"நீங்க கழட்டிடுவீங்களா அண்ணா?" என்று கேட்டான். கழற்றமாட்டேன். மழுங்கிய காடிக்குப் பதிலாகப் புது வளையம் வந்துவிட்டது, மரை முழுக்கத் தடித்த கிரீஸ் பூசி, நியோப்ரீன் துணியை உறையாகத் தைத்து வைத்திருக்கிறேன். இனி மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு பக்கமும் அரைச் சுற்று மேலே, அரைச் சுற்று கீழே. நாளைக்கு முதல் ஞாயிறு.