கோட் அட்டைக்கு விதி மாறினால் நஷ்டம் யாருக்கு? போக்கிமான் டிசிஜி லைவ்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

போக்கிமான் கார்டு பேக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு கோட் அட்டையும் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த பதின்மூன்று குறிகள், பக்கத்தில் ஒரு க்யூஆர் கட்டம். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் ஆன்லைன் விளையாட்டிலும் ஒரு பேக் கிடைக்கும். பேக்கின் விலையைக் கொடுக்கும்போதே இதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

2011-ல் வந்த பழைய டிசிஜி (டிரேடிங் கார்டு கேம்) ஆன்லைன் விளையாட்டில் இந்தக் கோடுக்குத் தனி மதிப்பு இருந்தது. விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் டோக்கனைக் கொடுத்து வாங்கிய பேக்கை யாருக்கும் தர முடியாது. கோட் போட்டு வந்த பேக்கைப் பிரிக்காமல் வைத்திருந்தால், இன்னொருவரிடம் கொடுத்து வேண்டிய கார்டை வாங்கிக்கொள்ளலாம். பிரிக்காத பேக்தான் அங்கே காசு. நல்ல கார்டு ஒன்று வேண்டும் என்றால் "எத்தனை பேக் தருவீங்க?" என்றுதான் பேரம் ஆரம்பிக்கும்.

2023 ஜூனில் அதை மூடிவிட்டு டிசிஜி லைவ் முழுமையாக வந்தது. இதில் கார்டை மாற்றிக்கொள்ளும் டிரேடிங் கிடையாது. ஒரே கார்டு நான்குக்கு மேல் வந்தால் உபரி கிரெடிட்டாக மாறும். அந்தக் கிரெடிட்டை வைத்து வேண்டிய கார்டை எடுக்கலாம். ஒரு செட்டுக்கு (ஒரே வெளியீடாக வரும் கார்டுத் தொகுப்பு) 400 கோட் என்ற உச்சவரம்பும் உண்டு.

விளையாட மட்டும் வருபவருக்கு லைவ்தான் வசதி, இதில் எனக்குச் சந்தேகமில்லை. பேரம் பேசிக் காத்திருக்க வேண்டாம், கோட் போட்ட அன்றே டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) தயாராகிவிடும். 400 வரம்பைக் குறை சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண பிளேயர் அதன் கிட்டேகூடப் போவதில்லை, மொத்தமாகக் கோட் வாங்கிக் குவிப்பவரைத்தான் அது தடுக்கிறது.

என் கேள்வி வேறு. டிரேடிங் இருந்த காலத்தில் காசு கொடுத்து வாங்கி, போடாமல் வைத்திருந்த கோடுக்கு என்ன நியாயம்? 'விதிமுறைகள் மாறலாம்' என்ற ஒரு வரியைக் காட்டி சட்டப்படி தப்பித்துக்கொள்ளலாம். வாங்கியவர் எதை நம்பி வாங்கினார் என்பது அந்த வரிக்குள் அடங்காது. சந்தையையே மூடிய பிறகு பழைய உரிமையை அப்படியே கொடுக்க முடியாது, சரி. ஆனால் ஒவ்வொரு கோடும் எந்த செட்டைச் சேர்ந்தது என்று சர்வருக்குத் தெரியும். பழைய விளையாட்டை மூடும் அறிவிப்புக்கு முன் வந்த செட்டின் கோடுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கிரெடிட் கொடுப்பது என்ன பெரிய காரியம்?

மேஜிக் என்ற இன்னொரு கார்டு விளையாட்டின் ஆன்லைன் வடிவமான மேஜிக் அரீனாவைப் பாருங்கள். ப்ரீரிலீஸ் பெட்டியில் (புது செட் விற்பனைக்கு வரும் முன் நடக்கும் ஆட்டத்துக்கான பெட்டி) வரும் கோட் ஒரு அக்கவுண்டுக்கு ஒன்றுதான். கண்டிப்பான விதிதான், ஆனாலும் வாங்கும் முன்பே தெரியும் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. விதி கடுமையாக இருப்பதைவிட, காசு கொடுத்த பிறகு மாறுவதுதான் உறுத்துகிறது.

இடைத்தரகரிடம் கோட் வாங்கும் பழக்கம் இருந்தால் இன்னொரு விஷயம்: ஏற்கெனவே போட்ட கோடை விற்பவர்களும் உண்டு, எனக்கே ஒருவர் விற்றார். அதனால் இப்போது கடையில் பிரித்த பேக்கில் வருவது மட்டும்தான், அதையும் பிரித்த கையோடு ஸ்கேன் செய்துவிடுகிறேன்.