24 வயதில் கேட்க ஆரம்பித்த ஆல்பம்: ஸ்விட்ச்ஃபுட்டின் 'தி பியூட்டிஃபுல் லெட்டவுன்'

2003 ஆகஸ்டில் மேல்படிப்புக்காக சான் டியாகோ போய் இறங்கினேன். கார் கிடையாது. ஆய்வகத்தில் கூட வேலை பார்த்த அமெரிக்கப் பையன் ஒருவன் வெள்ளிக்கிழமை மாலைகளில் மளிகை வாங்கக் கூட்டிப் போவான். அவனுடைய பழைய காரில் சிடி ஒன்று ப்ளேயருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ரேடியோ கேட்கலாம், இல்லையென்றால் அந்த ஒரே சிடி. ஆறு மாதம் வாராவாரம் அதைத்தான் கேட்டேன்.

அதில் இருந்தது ஸ்விட்ச்ஃபுட்டின் 'தி பியூட்டிஃபுல் லெட்டவுன்'. அதே ஊர்க்காரர்கள். பாடகர் ஜான் ஃபோர்மன், அவர் தம்பி டிம், டிரம்ஸ் வாசிக்கும் சாட் பட்லர் மூவரும் 1996-ல் தொடங்கிய ராக் இசைக்குழு, பின்னால் கீபோர்டுக்கு ஜெரோம் ஃபொன்டமியாஸ் வந்து சேர்ந்தார். தொடங்கிய மூவரும் அலைச்சறுக்கு ஆட்கள். பலகையில் வழக்கமான காலை மாற்றி மறுகாலை முன்னே வைத்து நிற்பதற்கு அவர்கள் வட்டாரத்தில் சொல்லும் பெயர்தான் குழுவின் பெயர்.

இவர்கள் கிறிஸ்தவக் குழு என்பதே எனக்குத் தெரியாது. பாட்டில் ஏசுவின் பெயர் வரவில்லை, அல்லேலூயா வரவில்லை. நண்பனும் சொல்லவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கலாமென்று கடைக்குப் போன அன்றுதான் பார்த்தேன்: ராக் வரிசையில் 'எஸ்' எழுத்தின் கீழ் ஒரு கட்டு, நாலு அலமாரி தள்ளி 'கிறிஸ்தவ இசை' என்று பலகை மாட்டிய மூலையில் இன்னொரு கட்டு. அதே அட்டை, அதே விலை. எந்த மூலையிலிருந்து எடுப்பது என்று கொஞ்ச நேரம் முழித்தேன். நான் பிறப்பால் கிறிஸ்தவன் இல்லை, இன்றுவரை எந்தத் தேவாலயத்திலும் உறுப்பினரும் இல்லை. கடைசியில் ராக் பக்கத்திலிருந்து எடுத்தேன்.

அந்த இரண்டு அலமாரிகளைப் புரிந்துகொண்டால்தான் இந்த ஆல்பம் செய்தது என்னவென்று புரியும். அமெரிக்காவில் கிறிஸ்தவ இசை என்பது நாஷ்வில் நகரை மையமாகக் கொண்ட தனித் தொழில். தனிக் கடை, தனி வானொலி, தனி விருது. அதற்குள் இருந்தால் ரசிகர்கள் உறுதி, ஆனால் வெளியே யாரும் சீண்டமாட்டார்கள். ஸ்விட்ச்ஃபுட்டின் முதல் மூன்று ஆல்பங்களும் அந்த வேலிக்குள்தான் இருந்தன. 2002-ல் 'எ வாக் டு ரிமெம்பர்' படத்தில் அவர்கள் பாடல்கள் இடம்பெற்றன, ஒன்றை அதன் நாயகி மாண்டி மூர் பாடினார். அங்கே கதவு திறந்தது. 2003 பிப்ரவரியில் வந்த இந்த நான்காவது ஆல்பம் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. 'மென்ட் டு லிவ்', 'டேர் யூ டு மூவ்' இரண்டுமே அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டின் முதல் 20-க்குள் போயின. தாங்கள் நம்பிக்கையால் கிறிஸ்தவர்கள், இசைவகையால் அல்ல என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்கள். கிறிஸ்தவ அலமாரிப் பக்கத்திலிருந்து 'விலை போய்விட்டார்கள்' என்ற முணுமுணுப்பும், ராக் அலமாரிப் பக்கத்திலிருந்து 'பிரசங்கக் கோஷ்டி' என்ற நக்கலும் கூடவே வந்தன. இரண்டுமே ஆல்பத்தை முழுசாகக் கேட்காதவர்களின் பேச்சு என்பது என் கட்சி.

சரி, பாட்டுக்கு வருவோம். 'மென்ட் டு லிவ்' தொடக்கத்தில் அந்தக் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) இருக்கிறதே, அடித்தந்தியைச் சுதி இறக்கி வைத்துக்கொண்டு இழுக்கும் கனமான ரிஃப், அதைக் காரில் கேட்டால் கதவின் பிளாஸ்டிக் அதிரும். டி. எஸ். எலியட்டின் 'வெற்று மனிதர்கள்' கவிதையிலிருந்து வந்த பாட்டு அது. இன்னும் ஏதோ பெரிதாக வாழவேண்டியவர்கள் நாம், எங்கோ தொலைத்துவிட்டோம் என்கிற தவிப்புதான் முழுப் பாட்டும். அந்தப் பெரிது எது என்று கடைசிவரை சொல்வதில்லை. எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தச் சொல்லாமைதான். நம்பிக்கை உள்ளவன் அங்கே கடவுளை வைத்துக்கொள்வான். நான் அன்றைக்கு வேறு எதையோ வைத்தேன், இன்றைக்கு அதையே வைப்பேனா தெரியாது.

'டேர் யூ டு மூவ்' உண்மையில் 2000-ல் அவர்களுடைய முந்தைய ஆல்பத்திலேயே வந்த பாட்டு. இதில் மறுபடி பதிவு செய்து போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழையதில் கூச்சம் இருக்கும். புதியதில் சரணம் தாழ்ந்த குரலில் நடந்து வந்து, பல்லவியில் கதவை உதைத்துத் திறக்கும். என் ஆய்வு ஒரு முழு வருடம் எங்கும் நகராமல் கிடந்தபோது இந்தப் பாட்டைக் காலையில் ஒருமுறை போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். ஆய்வு நகரவில்லை. ஆனால் கிளம்பினேன்.

தலைப்புப் பாட்டு முதல் ஒரு வருடம் எனக்குப் பிடிக்கவே இல்லை, தாண்டிப் போய்விடுவேன். அழகான ஏமாற்றம் என்ன ஏமாற்றம் என்று சலிப்பு. இந்த உலகத்தில் எனக்கு இடமில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்தப் பாட்டு, விசா தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிற ஒருவனுக்கு ஒருநாள் திடீரென்று வேறு மாதிரிக் கேட்டது. அவர்கள் சொல்ல வந்தது பரலோகம், எனக்குப் பட்டது குடிவரவு அலுவலகம். இரண்டுக்கும் அந்தப் பாட்டில் இடம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. 'கான்' (Gone) பாட்டு எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாம் போய்விடும் என்று சொல்வதற்குப் போனவர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, பாதி பேச்சும் பாதி பாட்டுமாகச் சிரிப்புக் காட்டுகிறது. ஆல்பத்திலேயே பிரசங்கம் கிட்டத்தில் வரும் இடமும் அதுதான். 22 வருடத்தில் நூறு முறை தாண்டியிருப்பேன். 'ஆன் ஃபயர்' ஆராதனைப் பாட்டுச் சாயல் கொண்டது, அதற்கு என்று ஒரு மனநிலை வேண்டும். அப்புறம் ஒலிப்பதிவு. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாவற்றையும் உச்சச் சத்தத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காரில் ஜம்மென்று இருக்கும். நல்ல ஹெட்போனில் கேட்டால் 'அம்யூனிஷன்' வருவதற்குள் காது களைத்துவிடும்.

'ஆடிங் டு த நாய்ஸ்' தனியாகச் சொல்ல வேண்டியது. உலகத்தில் இரைச்சல் போதும், நாங்களும் இரைச்சலைத்தான் கூட்டுகிறோம் என்றால் இந்தப் பாட்டை நிறுத்திவிடு என்று கேட்பவனிடமே சொல்கிறார்கள். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். 2005-ல் அடுத்த ஆல்பம் வந்தபோது அந்த சிடிக்களில் நகலெடுப்பைத் தடுக்கும் மென்பொருளைப் பதிவு நிறுவனம் போட்டிருந்தது. பேஸ் கிட்டார் வாசிக்கும் டிம் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்து, அதைத் தாண்டிப் பாடல்களைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று தானே படிப்படியாக எழுதிக் கொடுத்தார். சொந்த நிறுவனத்துக்கு எதிராக! அதிலிருந்து இவர்கள் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பத் தொடங்கினேன்.

பிறகு ஒருமுறை சான் டியாகோ பக்கத்து ஊரான என்சினிடாஸின் மூன்லைட் கடற்கரையில் இவர்கள் வருடாவருடம் நடத்திவந்த 'ப்ரோ-ஆம்' விழாவுக்குப் போனேன். பகலில் அலைச்சறுக்குப் போட்டி, அப்புறம் மணலிலேயே கச்சேரி, திரட்டும் பணம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கான அமைப்புகளுக்கு. எனக்கு ஒரு பக்கம் சிலுவை பச்சை குத்திய தாத்தா, மறுபக்கம் கையில் பீரோடு இரண்டு கல்லூரிப் பெண்கள். 'மென்ட் டு லிவ்' ரிஃப் விழுந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். கடையின் இரண்டு அலமாரிகளும் அங்கே ஒன்றாக நின்றன.

2023-ல், 20 வருடம் ஆனதை ஒட்டி, ஆல்பம் முழுவதையும் மறுபடி பாடி 'எங்கள் பதிப்பு' என்று வெளியிட்டார்கள். ஆர்வமாகக் கேட்டேன். வாசிப்பு சுத்தம், ஒலிப்பதிவு மேல். ஆனால் பழையதில் இருந்த அவசரம் இல்லை. 'திஸ் இஸ் யுவர் லைஃப்' பாட்டில் நீ ஆக நினைத்தவனாக ஆகிவிட்டாயா என்று 26 வயது ஜான் கேட்பதில் ஒரு பயம் இருந்தது. 46 வயதுக்காரர் கேட்கும்போது பதில் தெரிந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு விலக்கு, கடைசிப் பாட்டு 'ட்வென்டி ஃபோர்'. 24 வயதின் தோல்விகளையும் முயற்சிகளையும் எண்ணிப் பார்க்கும் மெல்லிய பாட்டு. முதலில் அதைக் கேட்டபோது எனக்கும் அதே வயது. புதிய பதிப்பிலும் எண்ணை மாற்றவில்லை, 24 என்றே பாடுகிறார். குரல் மட்டும் தடித்திருக்கிறது. அந்த இடைவெளியில் என்னுடைய 20 வருடமும் நிற்கிறது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் புதிய பதிப்பு. மற்ற பத்துக்கும், ஓரம் உடைந்த டப்பாவில் இருக்கும் என் பழைய சிடிதான்.