ஈரலும் குடலும் வாங்க ஹட்டனில் நான் போகும் கடை

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் இறைச்சிக் கடைகள் பல இருக்கின்றன. ஆனால் ஆட்டு ஈரல், குடல், தலை, கால் தேடிப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் ஒரு கடையைத்தான் சொல்வேன். சந்தைப் பக்கம் இறங்கும் ரோட்டில், பலகை இல்லாத சின்னக் கடை அது. நானா கடை என்றால் எங்கள் தோட்டத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

காரணம் இதுதான்: ஈரலையும் குடலையும் கடைக்கார நானா இறைச்சியாக மதிக்கிறார். மற்ற இடங்களில் குடல் மூலையில் ஒரு வாளிக்குள் கிடக்கும். கேட்டால், ஊறிய தண்ணீரோடு சேர்த்து நிறுத்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்து வடித்தால் ஒரு கிலோ முக்கால் கிலோ ஆகிவிடும். நானா கடையில் குடல் கம்பியில் தொங்கி நீர் வடிந்த பிறகுதான் தராசுக்கு வரும்.

ஈரல் விற்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முழு ஈரலைப் பலகையில் வைத்து, விரலால் ஒருமுறை அழுத்திக் காட்டுவார். நல்ல ஈரல் என்றால் குழி உடனே மேலே எழும்பும், மேல்தோல் பளபளப்பாக இருக்கும். பிறகு பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தைப் பார்ப்பார். அங்கே பச்சைக் கறை இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார். பித்தம் பட்ட ஈரல் எந்தத் தூள் போட்டாலும் கசக்கும். கடைசியாக, தடித்த பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல். உள்ளே குழாய்கள் தடித்து வெள்ளையாகத் தெரிந்தால் ஈரல் புழு இருந்திருக்கிறது என்று அர்த்தம். நத்தை இருக்கும் ஈர நிலத்தில் மேய்ந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது வரும். ஒரு தடவை என் கண்முன்னாலேயே ஒரு முழு ஈரலை ஒதுக்கிப் போட்டார். "இது சரியில்ல தங்கச்சி. இத நான் விக்க மாட்டேன்" என்றார். ஆடு, மாடு அறுக்கும் மடுவத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்த்துவிட்ட பிறகும் தானும் ஒருமுறை பார்க்கிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குடலும் அப்படித்தான். கொதிக்காத, கை பொறுக்காத அளவு சூட்டில் தண்ணீர் வைத்து, இரைப்பையை அதில் அமிழ்த்தி எடுத்து, கத்தியின் முதுகால் அந்தக் கறுப்புத் தோலைச் சுரண்டுகிறார். தண்ணீர் கொதித்துவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு சுரண்டினாலும் வராது. துவாய் போன்ற அந்தப் பகுதி வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். சிறுகுடலை உள்வெளியாகப் புரட்டிக் கழுவியிருப்பார். வீட்டில் நாங்கள் மஞ்சளும் உப்பும் போட்டு இன்னும் ஒரு அலசு அலசினால் போதும். மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் ரொட்டிக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் மாடு சமைப்பதில்லை. பாபத் என்கிற மாட்டுக் குடல் வாங்குகிறவர்களும் இதே கடையைத்தான் மெச்சுகிறார்கள்.

ஆனால் நினைத்த நாளில் நினைத்தது கிடைக்காது. அது கடையின் குற்றம் இல்லை. ஓர் ஆட்டுக்கு ஓர் ஈரல், ஒரு குடல்தானே. இறைச்சிக்கு ஆள் குறைந்தால் ஆடு அறுப்பதும் குறையும், குடலும் குறையும். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகும், இரண்டு நாள் வேலைக்குப் பேர் போட்டாலும் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குப் போதவில்லை. மலையில் வளர்ப்பது பெரும்பாலும் பால்மாடுதான். அறுப்புக்கான ஆடு, மாடு கீழே உலர் வலயத்திலிருந்து லொறியில் ஏறி வர வேண்டும். அதற்கு மிருக வைத்தியரின் சான்று, அனுமதிப் பத்திரம், டீசல். 2022 நெருக்கடியில் டீசல் இல்லாமல் போனதும், 2023இல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியதும் மேலே இருக்கிற எங்கள் சட்டியில்தான் தெரிந்தது. அதற்கு முன்பே, 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை இணங்கியபோது, நானா கோழிக்கு ஒரு தட்டு ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். இன்று அந்தத் தட்டுதான் கடையை ஓட்டுகிறது.

முன்பெல்லாம் தலையும் குடலும் இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டுக்குப் போகும். இப்போது ஆட்டு ஈரல் இறைச்சி விலைக்கே போகிறது. டவுனில் ஈரல் கொத்துரொட்டி போடும் கடைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறவள். வெளிறிய கண்ணோடு கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களையும், வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளைகளையும் தினமும் பார்க்கிறேன். 2016ஆம் ஆண்டு சனத்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 32 வீதத்துக்குக் கிட்ட. இரும்புச் சத்தும் பி12உம் இவ்வளவு நிறையக் கிடைக்கும் சாப்பாடு ஈரலைப் போல வேறொன்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் நானா கடைக் கோழி ஈரலை நான் இவ்வளவு மெச்சுகிறேன். இறைச்சியை விட விலை நன்றாகக் குறைவு, வாரம் முழுக்கக் கிடைக்கும். கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். கோழி இரைப்பை கேட்டால் அதைப் பிளந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்துத்தான் தருவார். கால் கிலோ ஈரலை அவித்து மசித்து, பருப்புச் சோற்றோடு பிசைந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு ஊட்டலாம்! ஒன்று மட்டும் கவனம்: வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஈரலில் விட்டமின் ஏ மிக அதிகம்.

குறை இல்லாமல் இல்லை. விலைப் பலகை கிடையாது, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் ஆட்டு ஈரல் முடிந்திருக்கும். தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு இது அநியாயம். கொத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் முன் வீட்டுக்காரர்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் நானா என்று நேராகவே கேட்டேன். "போன் பண்ணிச் சொல்லுங்க தங்கச்சி, எடுத்து வெக்கிறேன்" என்றார். சொன்னபடி எடுத்தும் வைக்கிறார். ஆனால் போன் நம்பர் தெரியாத பாட்டிமார் என்ன செய்வார்கள்? அதற்கு இன்னும் ஒரு வழி பண்ண வேண்டும்.

பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு, அதற்கு முந்தின நாள் கூட்டம் தாங்காது. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறும் அப்படியே. ஷொப்பிங் பேக்கில் ஈரல் கசங்கிவிடும், மூடியுள்ள பாத்திரம் ஒன்று கொண்டு போங்கள். தீபாவளிக்கு என்றால் இரண்டு வாரம் முன்னாலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்களைச் சேர்த்து முழு ஆடாகவே பங்கு போடுகிறார்கள், தலையும் குடலும் அந்தப் பங்கோடு போய்விடும், கடையில் தனியாக மிஞ்சாது.