ஓ.டி.ஜி. அடுப்பில் முழுக்கோழி: ஏழு கிறிஸ்துமஸ்களின் அனுபவம்

ஒக்கி புயல் அடித்ததற்கு மறு ஆண்டு, 2018 டிசம்பரில், நாகர்கோவிலில் 40 லிட்டர் கொள்ளளவுள்ள ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்லர்) என்னும் மின்அடுப்பு ஒன்றை வாங்கினேன். கேக் சுடுவதற்கென்று வீட்டில் சொல்லி வாங்கினாலும், கிறிஸ்துமஸ் மதிய விருந்தில் ஒரு முழுக்கோழியைத் தோல் மொறுமொறுக்கச் சுட்டு வைக்க வேண்டும் என்பதுதான் என் உள்ளாசை. 2024 வரை ஏழு கிறிஸ்துமஸ்களும் இடையில் சில ஈஸ்டர்களும் கடந்துவிட்டன. முதல் இரண்டு ஆண்டுகளின் கோழிகளைத் தவிர மற்றவற்றில் எனக்குப் பெரிய குறையில்லை.

முதல் ஆண்டு, வெப்பநிலைத் திருகியை 200 டிகிரியில் வைத்து ஒன்றேகால் மணி நேரம் சுட்டேன். சூடேற்றும் மேல்கம்பிக்கு அருகில் இருந்த நெஞ்சுத்தோல் கருகியது. தொடையை அறுத்தபோது உள்ளே பச்சையாக இருந்தது. அந்தப் பயத்தில் மறு ஆண்டு இரண்டு மணி நேரம் உள்ளேயே விட்டேன். நெஞ்சுக்கறி தேங்காய் மட்டைக் கதம்பலைப் போல நார்நாராகிவிட்டது. குற்றத்தை மசாலாவின் மீதும் கோழிக்கடைக்காரர் மீதும் மாறி மாறிச் சுமத்திய பிறகு, 2020-இல் உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்றும் கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். திருகி 200 என்று காட்டும்போது கோழி இருக்கும் தட்டில் 175 டிகிரிதான் இருந்தது. சூடு ஏறிவிட்டதாகச் சொல்லி அணையும் சிவப்பு விளக்கை நம்பியதும் என் தவறு. அது அணைந்த பிறகும் பத்து நிமிடம் காத்திருந்தால்தான் உட்புறம் முழுவதும் சீராகச் சூடேறுகிறது. இந்த இரண்டு கருவிகளுக்கும் ஆன செலவு அடுப்பின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, ஆனால் பலன் அடுப்பைவிடக் குறைந்ததன்று.

இப்போது நான் நேரத்தைப் பார்ப்பதில்லை. தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் குத்தி, 74 டிகிரியைத் தாண்டியதா என்று பார்க்கிறேன். தொடை 80-ஐ நெருங்கினால் இன்னும் மிருதுவாகிறது. நெஞ்சு அவ்வளவு சூட்டைத் தாங்காது என்பதுதான் முழுக்கோழியின் அடிப்படைச் சிக்கல். கண்ணாடிக் கதவின் வழியே சூடு கசிவதால் முன்பக்கம் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே கால்களை உட்புறச் சுவரை நோக்கி வைத்து, நாற்பதாவது நிமிடத்தில் நெஞ்சின் மேல் மட்டும் அலுமினியத் தாளைப் போர்த்துகிறேன். ஒருமுறை, 74 டிகிரி தாண்டிய பிறகும் அம்மா தட்டைப் பார்த்து, "மக்களே, எலும்புப் பக்கம் சிவந்து கிடக்கே, இது வேகல்லியே" என்று கேட்டார். இளம் பிராய்லர் கோழியின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறம் நன்றாக வெந்த பின்னும் அப்படித் தெரிவதுண்டு. விளக்கினேன், அவர் நம்பவில்லை. அந்தக் காலை நானே தின்றேன்.

கோழி வாங்குவதில் ஒரு சொல் முக்கியம். நம் கடைகளில் சொல்லாவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். பூடை மட்டும் பறித்து, தோலோடு, வெட்டாமல் வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பேன். ஒன்றரைக் கிலோ எடையே இந்த அடுப்புக்குப் பொருத்தமானது. ஈஸ்டருக்கு ஒருமுறை முற்றிய நாட்டுக்கோழியைச் சுட்டுப் பார்த்தேன். அது குழம்புக்குப் பிறந்தது.

முந்தின நாள் ஈரத்தைத் துடைத்து, ஒன்றரைக் கிலோவுக்கு 20 கிராம் உப்பைத் தேய்த்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடாமல் வைக்கிறேன். உப்பு உள்ளே இறங்குகிறது, தோல் உலர்கிறது. தயிரில் ஊறவைத்த ஆண்டு சுவை நன்றாக இருந்தும் தோல் தொளதொளவென்று கிடந்தது. பூண்டும் நல்லமிளகும் அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் பூசுவேன். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் கிராம்பில் இரண்டு போதும். அதற்கு மேல் போனால் பல்வலி மருந்து வாசம் வரும். மார்த்தாண்டம் தேனைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தடவ வேண்டும், முன்பே தடவினால் கருகும். கோழிக்கு அடியில், வேகவைத்து நீர் வடித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) துண்டுகளைப் பரப்பிவிட்டால், வடியும் கொழுப்பையும் சாற்றையும் அவை உறிஞ்சிக்கொள்கின்றன. பிள்ளைகள் கோழிக்கு முன் அதைத்தான் காலி செய்கிறார்கள்.

சுழலும் கம்பியைப் பற்றிச் சொல்வதானால், அது விளம்பரப் படத்தில் அழகு. கொழுத்த கோழி ஒருபுறம் சாய்ந்து கீழ்க்கம்பியில் உரசுகிறது, பிடிக்கும் திருகாணி தளர்கிறது, கொழுப்பு கம்பியில் சொட்டி வீடெல்லாம் புகைகிறது. மூன்று முறைக்குப் பின் அதைப் பரணில் போட்டுவிட்டேன். அவசரமான ஆண்டுகளில் முதுகெலும்பை வெட்டி எடுத்துக் கோழியை விரித்து வைத்தால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடுகிறது.

இந்த அடுப்பு 2000 வாட் இழுக்கிறது. அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். தொடக்கத்தில் 6 ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டியில் செருகி அதை உருக்கிய பெருமை எனக்குண்டு. 16 ஆம்பியர் செருகுமுனை சமையலறையில் இல்லையென்றால், அடுப்பு வாங்குவதற்கு முன் மின்பணியாளரை அழையுங்கள்.

எங்கள் வீடு கடலுக்கு அருகில் என்பதால் உதிரும் துகள்களைப் பிடிக்கும் அடித்தட்டும், கதவின் வில்லும் உப்புக்காற்றில் துருப்பிடித்தன. தட்டை மாற்றினேன், கதவு முழுமையாக மூடாததால், மடித்த துணியொன்றை மேல்விளிம்பில் செருகிக் கொஞ்ச நாள் ஓட்டிய பின், 2023-இல் வில்லையும் மாற்றினேன். கம்பிகள் இன்றுவரை பழுதாகவில்லை. அதிகாலை ஆராதனை முடிந்து வந்து, பத்தரைக்குக் கோழியை உள்ளே வைத்தால், இருபது நிமிடம் ஆறவிட்டு அறுக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணிப் பந்திக்குச் சரியாக இருக்கிறது.